ஸ்ப்ரால்: சோபாவில் கிடப்பதற்கும் ஊர் கிடப்பதற்கும் ஒரே தமிழ்ச் சொல் உண்டா?

செம்பருத்தி

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் கை கொடுங்கள். சென்னைப் புறநகர் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நீளமான கட்டுரை. ஒரு மாதப் பத்திரிகைக்காகத் தமிழில் தர வேண்டும். அதில் 'ஸ்ப்ரால்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பத்தியில் ஒரு கல்லூரிப் பையன் சோபாவில் ஸ்ப்ரால் செய்கிறான். மூன்றாம் பத்தியில் தாம்பரத்துக்குத் தெற்கே ஊரே ஸ்ப்ரால் ஆகிறது. நடுவில் ஒரு பழைய பங்களா, அதுவும் 'ஸ்ப்ராலிங்'. கடைசியில் கிரயப் பத்திரத்தில் ஒரு பெரியவர் போட்ட கையெழுத்துக்கும் அதே சொல். எழுதியவர் வேண்டுமென்றேதான் எல்லா இடத்திலும் ஒன்றையே போட்டிருக்கிறார், தலைப்பும் அதுதான்.

அகராதியைத் திறந்தால் 'கைகால் பரப்பிக் கிட', 'ஒழுங்கின்றிப் பரவு', 'படர்' என்று இருக்கிறது. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பொருந்தி இன்னோர் இடத்தில் இடிக்கிறது. பத்திரிகை ஆசிரியர் 'நகர விரிவாக்கம்' என்று போட்டுவிடச் சொல்கிறார். மனசு ஒப்பவில்லை. ஏன் என்று அவருக்கு விளக்கவும் வரவில்லை.

குறும்பன்

பையனுக்கு 'பப்பரப்பே'. மற்றதற்கு நாளைக்கு வருகிறேன்.

தமிழய்யா

குறும்பன் விளையாட்டாகச் சொன்னாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். 'பப்பரப்பேன்னு உக்காந்திருக்கான்' என்று வீட்டில் சொல்லும்போது அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கால் அகன்று கிடக்கிறது. நாலு பேர் உட்காரும் இடம் ஒருவனுக்குப் போய்விட்டது. சொல்லும் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஆங்கிலச் சொல்.

நம்மிடம் படுப்பதற்கும் கிடப்பதற்கும் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பெரும்பாலானவை உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும்: மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து. 'மல்லாந்து கிடந்தான்' என்றால் முதுகு தரையில், அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகவும் மல்லாந்து கிடக்கலாம். 'சாய்ந்திருந்தான்' என்பதில் ஓய்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் லவுஞ்ச், லால் என்கிறார்களே, அவற்றுக்குப் பக்கம். 'கூன் போட்டு உட்கார்ந்தான்' ஸ்லவுச்சுக்கு ஆகும். எதிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும் குணம் கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கைகாலை உதறித் துடிப்பது என்றுதான் பொருள். நாளாக ஆகத் துடிப்பு அடங்கி, பரத்திப் போட்ட கைகால் மட்டும் மிஞ்சியது.

'படர்' பற்றி ஒரு எச்சரிக்கை. படர்தலில் குறை எதுவும் இல்லை. பந்தலில் அவரை படர்ந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பாரி தேரை நிறுத்திவிட்டுப் போன கதையில், கொழுகொம்பு இல்லாமல் முல்லை தரையில் கிடந்ததே, அந்த நிலை வேண்டுமானால் நீங்கள் தேடுவது. தேர் கிடைத்தபின் நடந்தது படர்தல். ஆகவே ஊருக்கு 'படர்' போடாதீர்கள், பாராட்டிய மாதிரி ஆகிவிடும்.

கூடுவாஞ்சேரிக்காரன்

விரிவாக்கம் ஏன் இடிக்கிறது என்று நான் சொல்கிறேன் மேடம். எங்களுக்கு விரிவாக்கம் என்றால் அரசாணை. 2011இல் சுற்றியிருந்த 42 நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். அது விரிவாக்கம். தாளில் கோடு மாறியது. ஆனால் அந்தக் கோட்டுக்குள் வந்த இடங்களில் வீடுகள் அதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே வந்துவிட்டன. ஊர் முதலில் ஓடியது, மாநகராட்சி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. உங்கள் ஆசிரியர் சொல்கிற சொல்லைப் போட்டால் வாசகர் இந்தப் பின்பாதியை மட்டும்தான் புரிந்துகொள்வார்.

நான் இருப்பது அந்தக் கோட்டுக்கும் வெளியே. மனை பார்க்க வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள், மதியத்துக்கு பிரியாணிப் பொட்டலம். வயலில் கல் நட்டு, நடுவில் முப்பதடி ரோடு என்று காட்டினார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்றார்கள். அப்போதெல்லாம் அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை இருந்தது. வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் முப்பதடி ரோடு பக்கத்து லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டுகிறது. அவர்களுடைய ரோடு எங்கள் சுவரில் முட்டுகிறது. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சுவர்தான், ஆனால் எதிர் வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். குடிக்க கேன் தண்ணீர், குளிக்க போர்வெல், கோடையில் லாரி. கழிவுநீருக்கு இன்னொரு லாரி. சில நாள் இரண்டு லாரியும் ஒரே நேரத்தில் வந்து எது முதலில் பின்னால் போவது என்று சண்டை நடக்கும்.

இதற்குப் பெயர் விரிவாக்கம் என்றால் நான் வரவில்லை.

வரைபடம்

நகர ஊரமைப்புப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. கூடுவாஞ்சேரிக்காரர் சொன்ன முட்டுச்சந்துதான் விஷயத்தின் மையம். வீடுகள் தூரத்தில் இருப்பதால் மட்டும் ஸ்ப்ரால் ஆகாது. ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்குள் சட்டப்படி சரியாக இருந்துகொண்டே, பக்கத்து லேஅவுட்டோடு சேராமல் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சதுரம், செவ்வகம், நேர்கோடு. மேலிருந்து பார்த்தால் அலங்கோலம்.

நகரத்துக்கு அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் இருந்த ஏர்ல் டிரேப்பர். 1937இல் ஊரமைப்பாளர்கள் கூட்டம் ஒன்றில் பேசினார். நகரம் 'பரவுகிறது' என்று சொல்வது ரொம்ப மென்மையாக இருக்கிறது, உண்மையில் அது எல்லையை உடைத்துக்கொண்டு கைகாலைப் பரத்துகிறது, கிராமப்புறத்தை அசிங்கமாக்குகிறது, சேவைகளுக்கு ஆகும் செலவும் கட்டுப்படியாகவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். ஆக, 'பரவல்' போதாது என்ற உங்கள் சங்கடம் அந்தச் சொல் நகரத்துக்கு வந்த நாளிலேயே இருந்திருக்கிறது.

பிரிட்டனில் அதற்கு முன்பே இதன் ஒரு வகையோடு மல்லுக்கட்டினார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் சாலையின் இரு ஓரமும் வீடாகக் கட்டிக்கொண்டே போவது, பின்னால் வயல் வயலாகவே கிடப்பது. ரிப்பன் என்றே அதற்குப் பெயர். 1935இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். 1938இல் லண்டனைச் சுற்றிப் பசுமை வளையத்துக்கு ஒரு சட்டம், 1947இல் நாடு முழுவதற்கும் ஊரமைப்புச் சட்டம். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நம் ஜிஎஸ்டி சாலையில் போய்ப் பாருங்கள், ரிப்பன் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம்.

இன்னொரு வகை, நடுவில் இடத்தைத் தாண்டிக் குதிப்பது. கிட்டத்தில் நிலம் விலை ஏறிவிடும், அதனால் புரமோட்டர் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் மலிவாக வாங்கிப் பிரிப்பார். நடுவில் இருக்கும் நிலத்துக்காரர் இன்னும் விலை ஏறட்டும் என்று தரிசாகப் போட்டுவைப்பார். தண்ணீர்க் குழாய் அந்தத் தரிசைத் தாண்டித்தான் போக வேண்டும். செலவு மட்டும் கூடும், வழியில் கட்டணம் கட்ட ஆள் இருக்காது. ஆங்கிலத்தில் லீப்ஃபிராக் என்பார்கள்.

தமிழய்யா

அதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு பெயர் இருக்கிறது. நன்னூலில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதத்துக்கு நான்கு நிலை சொல்லியிருக்கும்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய் அடுத்ததோடு சேர்ந்துகொள்வது தவளைப் பாய்த்து. இலக்கணத்துக்குச் சொன்னது மறைமலை நகருக்கும் பொருந்தும் என்று பவணந்தி முனிவர் நினைத்திருக்க மாட்டார்.

செம்பருத்தி

ஐயா, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்! கட்டுரையில் லீப்ஃபிராக் ஓரிடத்தில் வருகிறது. 'தவளைப் பாய்ச்சல்' என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.

வரைபடம் சார், ஒரு சந்தேகம். 'நகரப் பரவல்' என்று சிலர் எழுதுகிறார்கள். டிரேப்பர் போதாது என்று சொன்னது இருக்கட்டும். எனக்கு அதில் வேறொரு தயக்கம். கொரோனாவுக்குப் பிறகு பரவல் என்றாலே தொற்றுதான் நினைவுக்கு வருகிறது. இன்னொரு பக்கம் 'அதிகாரப் பரவல்' என்று நல்ல அர்த்தத்திலும் இருக்கிறது. அப்புறம் 'வீக்கம்'. 'இது வளர்ச்சி இல்லை, வீக்கம்' என்று மேடையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வடமராட்சியான்

தங்கச்சி, 'பரப்பு' என்று மட்டும் போட்டுவிடாதேங்கோ. எங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்தில் காணியை அளக்கிறதே பரப்பில்தான். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். 'நகரப் பரப்பு' என்று போட்டால் எத்தனை பரப்பு என்று கேட்பினம்.

நான் இருக்கிறது ரொறன்ரோவுக்கு வெளியே. தமிழ்ச் சனம் முதலில் ஸ்காபரோவில் இருந்தது, பிறகு வீடு வாங்க மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் என்று வெளியே வெளியே போனது. ஒன்ராறியோ அரசு 2005இல் பசுமை வளையச் சட்டம் கொண்டுவந்தது. வளையத்துக்கு உள்ளே இருந்த தோட்டக் காணி தப்பியது. ஆனால் வீடு கட்டுகிற சிலர் வளையத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போய்க் கட்டினார்கள். இங்கே ஐயா சொன்ன தவளை ஒன்று குளிர் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்குது.

குறும்பன்

நாளைக்கு வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன். பங்களாவுக்கு என்ன பிரச்சினை? ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் 'ஸ்ப்ராலிங் வில்லா' என்றால் பாராட்டுதானே. 'விசாலமான' போட்டு முடியுங்கள்.

செம்பருத்தி

அங்கேதான் வலிக்கிறது. விசாலம் என்றால் பாராட்டு மட்டும்தான். கட்டுரையில் அந்தப் பங்களா ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு அறை சேர்த்துச் சேர்த்து, முற்றத்தைத் தின்று, கடைசியில் பாகப்பிரிவினையில் துண்டாகி லேஅவுட் ஆகிறது. ஊரின் கதையை வீட்டுக்குள் முன்கூட்டிக் காட்டுகிறார். ஆகவே கொஞ்சமாவது குறை தொனிக்க வேண்டும்.

மாடித்தோட்டம்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'அகலக்கால் வைப்பது' என்று யாரும் சொல்லவில்லையே? வருமானத்துக்கு மீறிக் கடை போட்டவனை, கடன் வாங்கிக் கல்யாணம் செய்பவனை எங்கள் வீட்டில் 'அகலக்கால் வைக்கிறான்' என்பார்கள். கால் இருக்கிறது, அகலம் இருக்கிறது, தாங்காது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. பையனுக்கும் கால், ஊருக்கும் கால்.

தமிழய்யா

அம்மா, கேட்டதும் 'ஆகா' என்றுதான் சொன்னேன். யோசித்தால் ஒரு தடங்கல். அகலக்கால் வைப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அவன் கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, வைக்கிறான். ஸ்ப்ரால் ஆகிற ஊரில் அப்படி யார் காலை வைத்தது? எவரும் திட்டமிடாமல் தானாக நடப்பதைத்தானே அந்தச் சொல் குறிக்கிறது? 'அள்ளித் தெளித்த கோலம்' என்றால்கூடத் தெளித்த கை ஒன்று உண்டு.

வரைபடம்

ஐயா, இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தானாக நடந்தது என்பது புரமோட்டருக்கும் வசதி, எங்கள் இலாகாவுக்கும் வசதி. நடந்ததைப் பாருங்கள்.

சென்னைப் பெருநகரப் பகுதி என்று நாங்கள் திட்டமிட்டது 1,189 சதுர கிலோமீட்டர். அதற்கு உள்ளே விதி இறுக்கம், வெளியே தளர்வு. கட்டடப் பரப்பை மனையின் பரப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டக் கூடாது என்று சாதாரணக் கட்டடங்களுக்குப் பல வருடம் வைத்திருந்தோம், 2019 விதிகளில்தான் அது இரண்டு மடங்காகப் பொதுவானது. மேலே போக முடியாதவன் பக்கவாட்டில் போவான். ஊராட்சித் தலைவர் கையெழுத்தில் லேஅவுட் ஓடியது எல்லாருக்கும் தெரியும். பதிவு அலுவலகம் பதிந்து கொடுத்துக்கொண்டே இருந்தது, முத்திரைத்தாள் வருமானம் வந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று நிறுத்தியபோதுதான் மாநிலம் முழுக்க எத்தனை பேர் அதில் சிக்கியிருக்கிறார்கள் என்று வெளியே வந்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது: கட்டணம் கட்டு, இருப்பதை ஒழுங்கு என்று ஏற்றுக்கொள்கிறோம். சுவரில் முட்டிய ரோடு கட்டணம் கட்டிய பிறகும் சுவரில்தான் முட்டியது.

பேருந்து நிலையம் போன பாதையைப் பாருங்கள். வெளியூர் பஸ் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. அப்போது 'அவ்வளவு தூரமா' என்றார்கள். 2023 கடைசியில் தென்மாவட்ட பஸ்ஸுக்கு வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கம். 2022இல் பெருநகரப் பகுதியையே 5,904 சதுர கிலோமீட்டர் ஆக்கிவிட்டார்கள், ஏறக்குறைய ஐந்து மடங்கு. பழைய மகாபலிபுரம் சாலையை ஐடி வழித்தடம் ஆக்கியது அரசு. அதன் பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். குப்பை கொட்டியதும் கட்டடம் கட்ட விட்டதும் தானாக நடக்கவில்லை. மிஞ்சியதற்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டம், வாங்கினோம். ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்து வைத்திருக்கிறார். அதனால் மாடித்தோட்டம் சொன்ன சொல்தான் ஆங்கிலத்தைவிட நியாயமானது. அந்த ஆங்கிலச் சொல் ஊரைத் தூங்கும் உடம்பு மாதிரி காட்டித் தப்பிக்க விடுகிறது.

கூடுவாஞ்சேரிக்காரன்

வரைபடம் சார், இலாகாவில் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் எங்கள் ரோடு எதிர் ரோட்டோடு சேர்ந்திருக்கும். கோபமில்லை, சும்மா சொன்னேன்.

ஒன்று மட்டும். அகலக்கால் வைத்தது எங்களை மாதிரி மனை வாங்கினவர்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் கால் நீட்ட இடம் தேடித்தான் வந்தோம். ஊருக்குள் அந்தப் பணத்துக்கு ஒற்றைப் படுக்கையறை கிடைக்காது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடிக்கு ஏறி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து 'ஏரியில் வீடு கட்டினால் இப்படித்தான்' என்றார்கள். ஏரி என்று பத்திரத்தில் எழுதியா கொடுத்தார்கள்?

தமிழய்யா

வரைபடம் சொன்னதை மறுக்க என்னிடம் சரக்கில்லை. ஆனால் அவர் பதிவிலேயே ஒரு சொல் ஒளிந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வரன்முறை. அரசாங்கம் மனையை 'வரன்முறைப்படுத்துகிறது'. 'வரன்முறையில்லாமல்' என்றால் பேச்சில் கண்டபடிக்கு, கட்டுப்பாடில்லாமல். அலுவலகத் தமிழும் வீட்டுத் தமிழும் ஒரே சொல்லில் சந்திக்கும் அபூர்வமான இடம். கட்டுரையின் உடலில் விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடங்களில் 'வரன்முறையற்ற பரவல்' என்று போடலாம். பரவல் தனியாக நின்றால்தானே தொற்று? முன்னால் இது வந்தால் அந்தச் சந்தேகம் இல்லை.

வடமராட்சியான்

எங்கட பக்கத்து வாசகருக்கு வரன்முறை அந்த மனைப் பொருளில் பழக்கமில்லை. ஆனால் மற்றப் பொருளில் விளங்கும். சரி, ஆகட்டும்.

செம்பருத்தி

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியரிடம் பேசிவிட்டேன். 2011 கதையையும் கூடுவாஞ்சேரி அண்ணாவின் சுவரையும் சொன்னதும் விரிவாக்கத்தை அவரே விட்டுவிட்டார். இப்போதைக்கு முடிவு இப்படி:

தலைப்பு 'அகலக்கால்'. பையன் 'காலை அகலப் பரத்திக்கொண்டு சோபாவை அடைத்துக் கிடக்கிறான்'. பப்பரப்பே எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் கதை சொல்பவரின் குரலில் ஒட்டவில்லை. அவன் அம்மா பேசும் வரி ஒன்று வருகிறது, அங்கே வைத்துவிட்டேன். பங்களா 'தலைமுறைக்கு ஒரு கால் எடுத்து வைத்த வீடு'. ஊருக்கு, உணர்ச்சியான இடங்களில் 'அகலக்கால் வைத்த ஊர்', விளக்கும் இடங்களில் 'வரன்முறையற்ற பரவல்'. மனை வாங்கியவர்கள் மேல் பழி விழாமல் அந்தப் பத்தியில் எழுவாயை வெளிப்படையாகவே 'அரசும் மனை வியாபாரமும்' என்று போடுகிறேன். மூலத்தில் எழுவாய் இல்லை, எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

வரைபடம்

கேளுங்கள். ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். மறுத்தால் மூலத்தை மாற்றாதீர்கள், அது அவர் கட்டுரை.

குறும்பன்

பத்திரத்தில் பெரியவர் போட்ட கையெழுத்தை மறந்துவிட்டீர்களே. கோழி கிறுக்கினது மாதிரி?

மாடித்தோட்டம்

வேண்டாம். கோழிக் கிறுக்கல் என்றால் எழுத்து புரியாது என்று அர்த்தம். இங்கே பெரிய பெரிய எழுத்தாக, கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

செம்பருத்தி

ஆமாம், மூலத்தில் அப்படித்தான். சாட்சிக் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்று வருகிறது.

தமிழய்யா

அப்படியானால் அதையே எழுதுங்கள்: 'சாட்சிகளின் இடத்தையும் பிடித்துக்கொண்ட கையெழுத்து'. தனிச் சொல் எதற்கு?